கிழக்கே கடல்

மூன்றாவது தடவையும் வெயிலுகந்தாளின் மணிக்கட்டில் சிவப்புதான் எரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கிருபாகரன் தாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டான். துறைமுகக் கம்பெனியின் பவர் ஏஜெண்ட் அவன். கம்பெனி சார்பில் பத்திரங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. பதிவு அலுவலகத்தின் மின்விசிறி தலைக்கு மேலே பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, திரும்பச் சொல்றேன். இது விற்பனை இல்ல. பிழைத்திருத்தல் பத்திரம். உங்க பழைய பத்திரத்துல நாலு எல்லை எழுதும்போது ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அதைச் சரி பண்றோம். உங்க உப்புப் பாத்தி உங்ககிட்டயேதான் இருக்கும்."

"சரி சார்" என்றாள் வெயிலு.

சிவப்பு அசையவில்லை.

"யக்கா, புரிஞ்ச மாதிரி மூஞ்சிய வையி" என்று பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள் சந்தனமாரி. வெயிலுவின் கொழுந்தன் பெண்டாட்டி அவள். இரண்டு பேரும் ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். "வெரசா முடிச்சிட்டுப் போனா பொழுதுக்குள்ள நாலு பெட்டி சுமக்கலாம்லா."

"மூஞ்சியவா பாக்கு இது? உள்ளுக்குள்ளல்லா பாக்கு."

அந்த வளையலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாது. சனங்கள் பச்சை வளையல் என்றார்கள். எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவரும் ஆளுக்கொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். பத்திரத்தை வரி வரியாகப் படிக்கும்போது, கேட்கிறவருக்கு அது நிஜமாகவே விளங்கினால் பச்சை எரியும். விளங்காவிட்டால் சிவப்பு. தலையாட்டி ஏமாற்ற முடியாது. இரண்டு கையிலும் பச்சை வராமல் எந்தப் பத்திரமும் பதிவாகாது. படிக்காத சனத்தின் பெருவிரலில் மையைத் தடவி நிலத்தைப் பிடுங்கிய காலம் ஒழிந்தது என்று, சட்டம் வந்த அன்றைக்கு உப்பளத் தெருவில் வெடி போட்டார்கள். வெயிலுவும் ஒரு சரம் கொளுத்தினாள்.

வெடிச் சத்தம் அடங்கின பிறகுதான் சட்டத்தின் மறுபக்கம் தெரிந்தது. சந்தனமாரியின் புருஷன் சுயம்பு, மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் பங்குப் பாத்தியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். ஒரு வரி விடாமல் அவனுக்கு விளங்கியது. பச்சை எரிந்தது. மகளும் பிழைக்கவில்லை. அப்புறம் கோர்ட்டுக்குப் போனான். முந்தியெல்லாம் ஏழைக்கு ஒரு வாசல் இருந்தது: 'தெரியாமக் கைநாட்டு வச்சிட்டேன் எசமான்' என்று அழலாம். சிலபேருக்கு நிலம் திரும்பியும் இருக்கிறது. சுயம்புவிடம் நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பச்சை எரிஞ்சதா, இல்லையா?"

எரிந்தது. வழக்கு முடிந்தது.

விளங்கினதா என்று வளையல் அளக்கும். வேறு வழி இருந்ததா என்று அளக்காது. அதை அளக்கிற மிஷினை எவனும் கண்டுபிடிக்கவும் மாட்டான், கண்டுபிடித்தாலும் சட்டம் போட மாட்டான்.

இதையெல்லாம் தெரிந்துதான் வெயிலு இன்று வந்திருந்தாள். தெருவே கூடி அனுப்பியிருந்தது. கம்பெனி பத்து வருஷத்துக்கு முன்னால் கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி உறிஞ்சிக் கரையோரம் கொட்டியது. வாசலில் கிடந்த கடல் நாலு மைல் தள்ளிப் போய்விட்டது. கொட்டிய மணல்மேல் துறைமுகம் எழும்பியது, சுற்றிலும் கம்பிவேலி. காலையில் உப்பு வாரி, மாலையில் வலை வீசிப் பிழைத்த சனம் கடலைப் பார்க்க ஊரைச் சுற்றிப் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. இப்போது கம்பெனி ஒரு பேச்சு சொல்லியிருந்தது. வெயிலு இந்தக் கையெழுத்தைப் போட்டால் தெருக்காரர்களுக்கு வேலிக்குள் நடந்துபோக பாஸ் தரும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் கம்பெனி இஷ்டம்.

"இல்லாத ஊருக்கு இந்தப் பாஸாவது கெடைக்கட்டும்" என்று தெரு சொன்னது. வெயிலுவும் சரி என்றாள். ஆனால் வளையல் சரி என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

சார் பதிவாளர் நூருன்னிசா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷம் பாக்கி. எதற்கும் குரலை உயர்த்தாத அம்மாள்.

"கிருபாகரன், அவங்களுக்கு விளங்கலையா, நீங்க விளக்கலையா?"

"மேடம், நான் எல்லாம் சொல்லிட்டேன்."

"எல்லாம் சொல்லியிருந்தா எரிஞ்சிருக்கும். இவங்க எதை விட்டுக்கொடுக்கிறாங்கன்னு இன்னும் நீங்க சொல்லல. அதைச் சொல்லாம இங்க ஒண்ணும் நடக்காது. வேற ஆளைக் கூட்டிட்டு வந்தாலும் இதேதான்."

கிருபாகரன் சன்னல் பக்கம் பார்த்தான். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் கழுத்தை நீட்டி நின்றன. அவன் கெட்டவன் இல்லை; சம்பளக்காரன். சம்பளக்காரன் பொய் சொல்ல மாட்டான், பாதியில் நிறுத்திக்கொள்வான்.

"உங்க பத்திரத்துல நாலு எல்லை எப்படி எழுதியிருக்கு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எங்க தாத்தா வாங்குன பாத்தி. வடக்கே சுடலைமாடன் கோயில் வரப்பு, மேற்கே தெரு, தெக்கே ஓடை, கிழக்கே கடல். தெருவுல சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

"கிழக்கே கடல். அங்கதான் விஷயம். கல்லு நட்டு அளக்கல. இத்தனை அடின்னு எழுதல. வெறுமனே கடல்." என்றான் அவன். "சட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. அளவு ஒண்ணு சொல்லி, எல்லை வேற சொன்னாக்கூட, எல்லைதான் நிக்கும். அப்போ உங்க நிலம் எது வரைக்கும்?"

"கடல் வரைக்கும்."

"கடல் இப்போ எங்க இருக்கு?"

வெயிலு சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிரேன்கள், அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், தார்ச்சாலை, சுங்கக் கட்டடம், அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். அவளுடைய உச்சந்தலையில் யாரோ குடம் தண்ணீரைக் கவிழ்த்தது போலிருந்தது.

"அம்புட்டுமா?"

அவள் கேட்டு முடிக்கும் முன்னே மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

வில்லங்கச் சான்று வாங்க வந்து வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனமாரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏ யக்கா... நீ துறைமுகத்துக்காரியா?"

"வாதாடலாம். அவ்வளவுதான்" என்றான் கிருபாகரன் வேகமாக. "கோர்ட்டுக்குப் போனா உங்க பேரன் காலம் வரைக்கும் இழுக்கும். கடலடி மண்ணு அரசாங்கத்தோடதுன்னு சொல்வாங்க. ஜெயிக்க மாட்டீங்க. ஆனா இப்படி ஒரு வரி வில்லங்கத்துல கிடந்தா பாங்க் எங்களுக்குக் கடன் தராது. அதனாலதான் கடலை எடுத்துட்டு, 'கிழக்கே பதினாலாம் நம்பர் கல்'னு திருத்துறோம். உங்க பாத்தி ஓரத்துல நட்டிருக்கோமே, அந்தக் கல்."

பச்சை அப்படியே நின்றது. ஜெயிக்க மாட்டாள் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஜெயிச்சு நான் என்ன கப்பலா ஓட்டப் போறேன்" என்றாள் வெயிலு. "பாஸ் தாரீயள்லா, அது போதும். மேல படிங்க."

நூருன்னிசா பழைய பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் படித்தார். எழுதியவர் யாரோ, நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்.

"'மேற்படி நிலத்தின் வழியாக இந்தத் தெருவார் அனைவரும் கடலுக்குப் போகவும் வரவும், தலைச்சுமையுடன் இருவர் எதிரெதிராக ஒதுங்காமல் கடக்கும் அகலத்துக்கு நடைபாதை உண்டு. நிலம் யார் கைக்கு மாறினாலும் சந்திர சூரியர் உள்ளவரை இந்தப் பாத்தியம் செல்லும்.' புதுப் பத்திரத்துல எல்லை கல்லோட முடியுது. அப்போ இந்தப் பாதையும் கல்லோட முடியும். விளங்குதாம்மா?"

வெயிலுவின் கையில் பச்சை. ஆனால் எதிர்ப்பக்கம் ஏதோ சிவப்பாக மினுங்கியது.

கிருபாகரன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். இதுவரை எந்தப் பதிவிலும் அவனுக்குச் சிவப்பு எரிந்ததில்லை. ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறவன்.

"மேடம், பாதை உரிமை. இதுல விளங்காம என்ன இருக்கு? வழக்கமா எழுதுறதுதானே."

"என்ன அகலம் சார்?" என்று கேட்டார் நூருன்னிசா.

"ஒரு... நாலடி இருக்கும்."

சிவப்பு.

"அஞ்சடி."

சிவப்பு. சந்தனமாரி சிரித்தே விட்டாள். "ஏலம் கேக்காரு சார்! இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேளுங்க, கெடைச்சாலும் கெடைக்கும்."

"எழுதிவாங்குறவர் எதை அழிக்கிறார்னு அவருக்கும் தெரியணும். சட்டம் ரெண்டு பக்கத்துக்கும்தான்" என்றார் நூருன்னிசா, பதிவுக் கருவியைப் பைக்குள் வைத்தபடி. "இங்க உட்கார்ந்து அது எரியாது. வாங்க, நிலத்துக்குப் போவோம்."

உச்சி வெயிலில் உப்பளம் வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது. பழக்கமில்லாதவன் கண்ணைத் திறக்க முடியாது. கிருபாகரன் பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்தான். சந்தனமாரி பழஞ்சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அவன் தலையில் வைத்தாள்; ஓலைப்பெட்டியில் உப்பை அள்ளினாள்.

"பாதி போதும்ட்டி, கழுத்து ஒடிஞ்சிரும். கம்பெனி நம்மகிட்டல்லா கழுத்தைக் கேக்கும்" என்றாள் வெயிலு.

பாதிப் பெட்டிதான். தலையில் ஏறியதும் அவனுடைய முகமே மாறிவிட்டது. சுமை ஏறின கழுத்து திரும்பாது. காலடி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கையும் மேலே போய்ப் பெட்டியைப் பிடிக்க, முழங்கைகள் இறக்கை மாதிரி விரிந்துகொள்ளும். பாதத்தின் அடியில் உப்புக் கல் குத்தும். எதிரே வெயிலு முழுப் பெட்டியோடு வந்தாள். வரப்பின் நடுவில் இருவரும் நெருங்கினார்கள். அவன் ஒதுங்கினான். ஒதுங்கினவன் சுமையோடு பாத்திக்குள் சரிந்து, முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றான்.

"அய்யய்யோ, கம்பெனி கவுந்துட்டு!" என்று கத்தினாள் சந்தனமாரி. வெயிலு சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கை கொடுத்துத் தூக்கினாள்.

"ஒதுங்குனா விழுவோம் சார். அதுக்குத்தான் ஒதுங்காமன்னு எழுதிருக்கு. எங்கம்மா ஒதுங்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சவ."

அவன் காலில் உப்புத் தண்ணீர் பட்ட கீறல்கள் காந்தின. சும்மாட்டைச் சரி செய்துகொண்டு, "இன்னொரு தடவை" என்றான். அகல வரப்பில் போனார்கள். நேருக்கு நேர் வந்தார்கள். முழங்கை முழங்கையை உரசவில்லை. மூச்சு மட்டும் உரசிப் போனது.

"இவ்வளவு" என்றான் கிருபாகரன் மெதுவாக. "இப்போ தெரியுது."

வளையலைப் பார்த்தான். சிவப்பு.

"அதெப்படி?" அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "அகலம் விளங்கிடுச்சு மேடம். சத்தியமா."

"அகலம் விளங்கிடுச்சு" என்றார் நூருன்னிசா. "நீளம்?"

பதினாலாம் நம்பர் கல்லைத் தாண்டினால் கம்பிவேலி. கிருபாகரன் தன் அட்டையைக் காட்டி வாயில் கதவைத் திறக்கச் சொன்னான். நாலு பேரும் கிழக்கே பார்த்து நடந்தார்கள்.

பத்து வருஷத்தில் வெயிலு அந்த மண்ணில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. தெருவில் எல்லோரும் நினைத்தது போலத்தான் அவளும் நினைத்திருந்தாள்: கடல் போனதோடு கடலுக்குப் போகிற பாதையும் போயிற்று, மணலைக் கொட்டினவனுக்குத்தான் மணல் சொந்தம். அதனால்தான் பத்திரத்தை யாரும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கவே இல்லை. எல்லை தெரிந்த வீட்டில் எல்லையை யார் படிப்பார்கள்?

தார்ச்சாலை ஓரத்து மணலில் சிப்பிகள் கிடந்தன. சங்கு உடைசல், பவளத் துண்டு, நண்டு ஓடு. குனிந்து ஒன்றை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"மாரி, கோயில் கோபுரத்தையும் லைட்ஹவுஸையும் பாரு. இந்த நேர்லதான நம்ம மாமா வலை போடுவாவ?"

சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். கோபுரமும் கலங்கரை விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்க்கோட்டில் நின்றன. அவள் குரல் தானாகத் தணிந்தது. "ஆமாக்கா. ஆழமான இடம்பாவ. கயிறு எட்டாதும்பாவ."

"அதுக்கு மேலதான் நடக்கோம்."

மாமனார் தோணி மிதந்த உயரத்தில் தன் பாதம் நடக்கிறது என்று வெயிலு நினைத்தாள். காலுக்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் பாறைகள், பாசிக் காடுகள், தலைமுறை தலைமுறையாக அறுந்து தங்கிப்போன வலைகள். கன்டெய்னர்கள் இருபுறமும் மாடமாளிகை போல எழும்பி நின்றன. லாரி ஓட்டுகிற வடநாட்டுப் பையன்கள் வண்டியை நிறுத்தி, வெறுங்காலோடு வருகிற இந்த ஊர்வலத்தைப் பார்த்தார்கள். கிருபாகரனும் பூட்ஸை வரப்பிலேயே விட்டு வந்திருந்தான். தார் சுட்டது. அவன் தத்தித் தத்தி நடந்தான். சும்மாடு இன்னும் தலையில்தான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டான்.

நடந்து நடந்து, நடை அலுத்து, நாக்கு வறண்ட நேரத்தில் கடைசிக் கட்டடம் முடிந்தது. கருங்கல் கொட்டிய கரை. அதன் மேல் ஏறினார்கள்.

கடல்.

பஸ்ஸில் போய்ப் பார்க்கிற கடல் வேறு. நடந்து வந்து சேர்கிற கடல் வேறு. வெயிலுவுக்கு முன்னால் அது ஆகாசத்தையே இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எத்தனை மணல் கொட்டினாலும், எத்தனை பத்திரம் எழுதினாலும், அதற்கு ஒரு பக்கத்து எல்லைதான் எழுத முடியும். மறு எல்லையை எழுத மனுஷனிடம் சொல் இல்லை. தாத்தாவுக்குப் பத்திரம் எழுதினவன் கல் நடச் சோம்பேறித்தனப்பட்டு 'கடல்' என்று எழுதியிருப்பான் என்றுதான் அவள் காலையில் நினைத்தாள். இல்லை. இதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கல்லை எல்லை என்று எழுத எவனுக்கும் கை வராது. அவள் கருங்கல்லில் இறங்கி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிருபாகரன் இறங்கவில்லை. திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தெரு. அங்கிருந்து இங்கே வரைக்கும், தலையில் சுமையோடு, ஒருவர் போக ஒருவர் வர, ஒதுங்காமல். அவன் வாய் முணுமுணுத்தது. "போகவும் வரவும்..."

பச்சை எரிந்தது.

அவன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினான். முகத்தில் வேலை முடிந்த களைப்பு. "எரிஞ்சிடுச்சு மேடம். இனி பதிவு பண்ணலாம்."

நூருன்னிசா கருங்கல்லின்மேல் உட்கார்ந்து கருவியில் எதையோ பதிந்துகொண்டிருந்தார். "பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அவங்க இன்னும் கையெழுத்துப் போடலையே?"

"அது அவங்க பத்திரம். நான் பதியிறது உங்க பச்சையை." அவர் தலை நிமிரவில்லை. "எரிஞ்ச ஒவ்வொரு பச்சையும் அந்த நிலத்து வில்லங்கத்துல ஏறும். யாருக்கு, எந்த வாசகம், எந்த இடத்துல வச்சு விளங்குச்சுன்னு. நீங்க கம்பெனியோட பவர் ஏஜெண்ட். உங்களுக்கு விளங்கினா கம்பெனிக்கு விளங்கினது. 'தெருவார்க்கு இங்கே வரைக்கும் பாதை உண்டு' என்பதைக் கம்பெனி இன்னைக்கு, கடற்கரையில நின்னு, முழுசா அறிஞ்சுக்கிட்டது. எங்களுக்குத் தெரியாதுன்னு இனி எந்தக் கோர்ட்டிலயும் சொல்ல முடியாது."

கிருபாகரன் அவரைப் பார்த்தான். வளையலைப் பார்த்தான். கழற்றப் போனான், கழற்றினாலும் ஒன்றும் மாறாது என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டான்.

"இது நியாயமா மேடம்? நான் விளங்கிக்கத்தானே வந்தேன்?"

பதில் சந்தனமாரியிடமிருந்து வந்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரும் விளங்கித்தான் சார் கையெழுத்துப் போட்டாரு."

வெயிலு மேலே ஏறி வந்தாள். பாதி நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டாள்.

"யம்மா, அப்பம் நான் போடாண்டாமா கையெழுத்து?"

"உங்க இஷ்டம். போட்டா பாதை கல்லோட நிக்கும், பாஸ் கிடைக்கும். போடலைன்னா பாஸ் கிடையாது, பாதை இருக்கும். ஆனா வேலி உடனே திறக்காது. சண்டை போட்டுத்தான் திறக்கணும்."

வெயிலுவின் மணிக்கட்டில் பச்சை எரிந்தது. அவள் வளையலைக் கழற்றி நூருன்னிசாவின் கையில் கொடுத்தாள்.

"பாஸ்னா அவன் தாரது. பாதைன்னா எங்களுது. போட மாட்டேன்னு எழுதிக்கிடுங்கம்மா."

தெருவில் அன்று அவளுக்கு ஏச்சு விழுந்தது. பாஸும் போச்சே என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. கிருபாகரனைக் கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. பதினாலாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் வேலி இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறியது. வழக்கு நடந்தது. பெரிய வக்கீல்கள் வந்தார்கள். அகலமும் தெளிவில்லை, நீளமும் தெளிவில்லை, இப்படி ஒரு பாதை இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். வெயிலுவும் சந்தனமாரியும் கோர்ட்டின் பின்வரிசையில் ஒருநாள்கூட விடாமல் உட்கார்ந்தார்கள், கூடவே சுயம்புவும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த நீதிபதி, கம்பெனி வக்கீலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பச்சை எரிஞ்சதா, இல்லையா?"

சுயம்பு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

வேலியில் இடைவெளி வெட்டுகிற அன்று கம்பெனி சர்வேயர் அளவு நாடாவோடு வந்தார். எத்தனை அடி என்று உத்தரவில் இல்லை. பத்திரத்தின் வாசகமே இருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சந்தனமாரி நாடாவை வாங்கிச் சுருட்டி அவர் பையிலேயே போட்டாள். இரண்டு பெண்களும் முழுப் பெட்டி உப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒருத்தி தெருப் பக்கமிருந்தும் ஒருத்தி கடல் பக்கமிருந்தும், வெட்டப்பட்ட கம்பிகளுக்கு நடுவே நேருக்கு நேர் நடந்தார்கள்.

யாரும் ஒதுங்கவில்லை.